வாசல் வெளிச்சத்தில் காட்டுங்க

"பழைய துணிக்குப் பாத்திரம்!" என்ற குரல் கேட்காத தெரு தமிழ்நாட்டில் குறைவு. எவர்சில்வர் கூடையை இறக்கிவைத்துத் திண்ணையில் உட்காரும் பாத்திரக்காரர், கொடுத்த பேண்ட்டை முதலில் ஓர் உதறு உதறுவார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தொடைப் பக்கம் நைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஜிப்பை ஒருமுறை மேலும் கீழும் இழுத்துவிடுவார். "இதுக்கு டம்ளர்தான் வரும். ஒரு பட்டுச்சேலை போடுங்கம்மா, தூக்கு தர்றேன்" என்பார். வீட்டுக்காரம்மாவுக்கு அது பேரம். அவருக்கோ தரம் பிரிக்கும் வேலை.

இன்று அதே துணியைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் குழுவிலோ விற்றுப் பார்க்கலாம் என்று பலருக்கும் ஆசை. அந்த ஆசையைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் பாதியை அந்தப் பாத்திரக்காரரே தீர்த்துவைத்திருப்பார்.

"உடுத்தின துணியை நம்ம ஊர்ல யார் வாங்குவாங்க?"

நெடுங்காலமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டெல்லியில் ரகுபீர் நகர்ச் சந்தை விடியுமுன் கூடும். வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்துச் சேர்த்த துணிகள் அங்கேதான் கைமாறுகின்றன. ஹரியானாவின் பானிபட்டில் பழைய கம்பளி உடைகளைப் பஞ்சாகப் பிரித்து, மறுபடி நூற்றுக் கம்பளிப் போர்வை நெய்கிறார்கள். பழைய பட்டுப்புடவை வாங்குவோர் சரிகைக்காகவே வாங்குகிறார்கள். புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். ஆக, சந்தை புதிதல்ல. இடையில் ஆளில்லாமல் உரிமையாளரே நேராக விற்பதுதான் புதிது.

அதற்காக எல்லாத் துணியும் விலைபோகும் என்றில்லை. துவைத்துத் துவைத்து வெளுத்த பருத்திச் சட்டைக்குக் கூரியர் செலவே சட்டை விலையைத் தாண்டிவிடும். இரண்டு விசேஷத்துக்குக் கட்டிவிட்டு அளவு மீறிப்போன குழந்தையின் பட்டுப்பாவாடை, வரவேற்புக்கு ஒரே ஒரு மாலை போட்ட லெஹங்கா, பெட்டியை விட்டு இறங்காத பட்டுப்புடவை ஆகியவற்றில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

"யார் கட்டினதோ… தரித்திரமும் ஒட்டும், வியாதியும் ஒட்டும்"

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. கானாவின் அக்ரா நகரிலுள்ள கண்டமாண்டோ சந்தை உலகின் பெரிய பழந்துணிச் சந்தைகளுள் ஒன்று. அங்கு வந்திறங்கும் துணிக்கு ஊர்ப்பேச்சில் 'ஒப்ரோனி வாவு' என்று பெயர். செத்த வெள்ளைக்காரர் துணி என்று பொருள். இவ்வளவு நல்ல துணியை உயிரோடிருப்பவன் தூக்கி எறிவானா என்ற வியப்பில் பிறந்த பெயர் என்பார்கள். தரித்திரக் கணக்குக்கு நம் வழக்கத்திலேயே பதில் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தானே முதலில் சுற்றுகிறோம்?

வியாதி விஷயம் வேறு. அதை நம்பிக்கை என்று ஒதுக்க முடியாது, ஆனால் சமாளிக்க முடியும். துணி வழியாக வரக்கூடியவற்றுள் சொறிசிரங்குப் பூச்சி முக்கியமானது. அது மனிதத் தோலை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடிருக்காது. 50 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பத்து நிமிடம் இருந்தாலும் சாகும். பருத்தியை வெந்நீரில் அலசிவிடலாம். பட்டை அப்படிச் செய்ய முடியாதே! அதைப் பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டு டிரை கிளீனிங் கொடுக்கலாம். உண்மையில் வாங்குபவரை முதலில் விரட்டுவது கிருமியல்ல, அந்துருண்டை வாசனை. அதற்கு நிழலில் இரண்டு மூன்று நாள் காற்றாட விடுவதே மருந்து; மேலே சென்ட் அடித்தால் இரண்டு வாசனையும் சேர்ந்து இன்னும் மோசம்.

"வாங்கின விலையில் பாதியாவது வரணும்"

வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உறவு மிகக் குறைவு. போன தீபாவளிக்கு வாங்கிய குர்த்தியின் விலையில் கடை வாடகையும் விளம்பரமும் புதுசு என்ற மவுசும் அடங்கியிருந்தன. முதல் துவைப்போடு மூன்றும் போய்விட்டன. மாறாக, தொண்ணூறுகளில் எடுத்த அசல் சரிகைப் புடவை, அன்றைய பில் தொகையை விடக் கூடுதலாகப் போகவும் வாய்ப்புண்டு. அன்றைய வெள்ளி விலை வேறு, இன்றைய விலை வேறு.

ஆகவே பட்டென்றால் முதலில் சரிகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அசல் காஞ்சிபுரச் சரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளி இழை, அதன்மேல் தங்க முலாம். முந்தானை ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையைச் சுரண்டினால் சிவப்பு தெரிவது நல்ல அறிகுறி. ஆனால் சாயம் போட்ட போலியும் உண்டு என்பதால் அதுவே தீர்ப்பாகாது. விலை உயர்ந்த புடவை என்றால் காஞ்சிபுரத்தில் சரிகையைப் பரிசோதித்துத் தரும் இடங்களுக்குக் கொண்டுபோகலாம். பட்டுக்கு உத்தரவாதமாக மத்தியப் பட்டு வாரியம் 'சில்க் மார்க்' முத்திரையைக் கொண்டுவந்தது 2004-இல்தான். அதற்கு முந்தைய புடவையில் அந்த முத்திரை இல்லையே என்று வாங்குபவர் சந்தேகப்பட்டால், அந்த ஆண்டைச் சொன்னால் போதும்.

"குறையைச் சொன்னா விலை போகாது"

இந்த ஒரு நம்பிக்கையால் கெட்ட கடைகளே அதிகம்.

ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும் பெண்கள் என்ன செய்வார்கள்? விரலிடுக்கில் வைத்துக் கசக்கிப் பார்ப்பார்கள். பின்பக்கம் திருப்புவார்கள். கடைசியில், "வாசல் வெளிச்சத்துல காட்டுங்க" என்று கடைப்பையனையும் அழைத்துக்கொண்டு தெருவரை வந்துவிடுவார்கள். ஆன்லைனில் வாங்குபவருக்கு இந்த மூன்றும் கிடையாது. அவருக்காக விற்பவரே கசக்கி, திருப்பி, வாசலுக்கு வந்தாக வேண்டும்.

மாம்பழ நிறம், அரக்குக் கரை போட்ட ஒரு புடவையை எடுத்துக்கொள்வோம். டியூப்லைட்டில் படமெடுத்தால் அது எலுமிச்சை நிறமாக வரும். கைப்பேசியின் ஃபில்டர் பட்டால் ஆரஞ்சாகிவிடும். காலை எட்டு ஒன்பது மணிக்கு, வெயில் நேரே விழாத வராந்தாவில் விரித்தால் கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியும் நிறமே வரும். முழுப் புடவை, முந்தானை, கரை, பின்பக்க நெசவு, ஃபால்ஸ் தைத்த ஓரம் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். பிறகு ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து மடிப்புக் கோடுகளைப் பார்க்க வேண்டும். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அங்கேதான் முதலில் இற்றுப்போகும். சரிகையும் அங்கேதான் முறியும். "கொசுவம் வருமிடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பாயசக் கறை, கட்டினால் மடிப்புக்குள் போய்விடும்" என்று எழுதி, கறைக்குப் பக்கத்தில் நாணயத்தையே வைத்துப் படம்பிடித்துப் போட்டால், சில பேர் விலகிப்போவார்கள். மிஞ்சுபவர்கள் பார்சல் பிரித்ததும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

தைத்த உடைகளுக்கு எம், எல் என்று போடுவதும் பாதி உண்மைதான். ஒரு கடையின் எம் இன்னொரு கடையின் எஸ். தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் இன்ச் டேப் வைத்து, வந்ததை இரண்டால் பெருக்கிச் சொல்வதே கணக்கு. ரவிக்கை என்றால் உள்ளே பிரித்துவிட எத்தனை தையல் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சே வராது.

"ஒரு நல்ல ஆப் கிடைச்சாப் போதும்"

லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் 2008-இல், வீடு மாறும்போது மிஞ்சிய துணிகளை என்ன செய்வது என்று மில்டா மிட்குடே என்ற பெண் திகைத்ததில் பிறந்ததுதான் 'வின்டட்'. இன்று ஐரோப்பாவின் பெரிய பழந்துணிச் சந்தை அது. நம்மூர்க் கதை வேறு. அமெரிக்காவின் 'போஷ்மார்க்' 2021-இல் இந்தியாவுக்கு வந்து, 2023-இல் மூட்டை கட்டிவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குக் கடையும் போயிற்று, வாடிக்கையாளர் பட்டியலும் போயிற்று. ஆப் எதுவானாலும், வாங்கியவர்களின் எண்கள் தனியாக ஒரு நோட்டில் இருக்கட்டும்.

"பழசுதானே, வரி கிடையாது"

சொந்தப் பீரோவைக் காலி செய்வது வியாபாரமல்ல. அதற்கு ஜிஎஸ்டி கேள்வியே எழாது. வருமான வரிச் சட்டமும் உடுதுணியைச் சொந்த உபயோகப் பொருளாகவே பார்க்கிறது. துணியில் தைத்த விலைமதிப்புள்ள கற்களை மட்டும் நகைக் கணக்கில் சேர்க்கும். (வைரம் தைத்த ரவிக்கை வைத்திருப்பவருக்கு ஆடிட்டரும் இருப்பார்.)

பிறரிடம் வாங்கி விற்கத் தொடங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு கட்டாயமில்லை. பெங்களூருக்கோ கொச்சிக்கோ வியாபாரமாக அனுப்பினால் தொகை எவ்வளவானாலும் பொதுவாகப் பதிவு தேவை. பலர் வழுக்கி விழுவது இங்கேதான். பதிவு செய்தவருக்கு ஒரு சலுகையும் உண்டு. 800 ரூபாய்க்கு வாங்கிய பழைய புடவையை 1,100-க்கு விற்றால், உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளாதவரை, இடையிலுள்ள 300-க்கு மட்டும் வரி கட்டலாம்.

வெளிநாட்டு மூட்டைகளை இறக்கி விற்கும் யோசனையிலும் எச்சரிக்கை தேவை. உடுத்திய துணி இறக்குமதி இந்தியாவில் கட்டுப்படுத்தப்பட்டது, உரிமம் வேண்டும். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற பெயரில் போலி பிராண்டு விற்பது, துணி பழசானாலும் புதிதானாலும், வணிகக் குறிச் சட்டப்படி குற்றம்.

"நோ ரிட்டர்ன்னு போட்டுட்டேனே!"

போடலாம். ஆனால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி, ஆன்லைன் சந்தைத் தளங்களில் தொழிலாக விற்பவர், சொன்ன விவரத்துக்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. எப்போதாவது சொந்தப் பொருளை விற்கும் தனிநபருக்கு அந்த விதிகள் பொருந்தாது. ஆனாலும் பாயசக் கறையை மறைத்தவருக்கு வாட்ஸ்அப் குழுவில் கிடைக்கும் தண்டனை விதிகளை விடக் கடுமையானது.

முதல் விற்பனையின் சந்தோஷத்தில் நடக்கும் ஏமாற்று ஒன்று மிச்சம் இருக்கிறது. "பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்" என்று ஒருவர் அவசரப்படுத்துவார். புடவையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார், பேரமும் பேசியிருக்க மாட்டார். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, அனுப்புவதற்கு மட்டும்தான். கரையைக் காட்டுங்க, பின்பக்கம் காட்டுங்க, இருநூறு குறைக்க மாட்டீங்களா என்று இரண்டு நாள் உயிரை எடுப்பவரே பெரும்பாலும் நிஜமாக வாங்க வந்தவர்.