ஒரு சதுர அடி டைட்டானியம்

ஆடிக் கிருத்திகைக்கு வந்த பூக்காவடிக் கூட்டம் வடிந்ததும் என் லேத் பட்டறைக்கு வேறொரு கூட்டம் வரத் தொடங்கும். மூன்று பேர், நான்கு பேர், ஒரு லேப்டாப், அதில் ஒரு ரோபோ படம். டிசம்பரில் மும்பை ஐஐடியின் டெக்ஃபெஸ்ட், அடுத்து சென்னை ஐஐடியின் சாஸ்த்ரா, இவை தவிர வேலூர், கோவை என்று கல்லூரி விழாக்கள். பலவற்றில் ரோபோவார், அதாவது ரோபோச் சண்டை, உண்டு. "அண்ணா, டைட்டானியம் ஷீட் எங்கே கிடைக்கும்?" என்பதுதான் எடுத்த எடுப்பில் வரும் கேள்வி. எங்கள் ஊர் போர் தணிந்த இடம் என்பதால் செருத்தணி, அதுவே திருத்தணி ஆனது என்பார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் சண்டை ரோபோவுக்குக் கவசம் வெட்டுகிறேன்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்கு முன் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். 15 கிலோ வகுப்பில் 45 செ.மீ. நீளம், 40 அகலம், 12 உயரத்தில் ஒரு ரோபோ கட்டி, ஆறு பக்கமும் 3 மி.மீ. டைட்டானியம் போர்த்தினால் கவசம் மட்டுமே ஏழரை கிலோ. மோட்டார், பேட்டரி, ஆயுதம் எல்லாம் மீதி ஏழரைக்குள் அடங்க வேண்டும். அடங்காது. பிரேசிலின் ரியோபாட்ஸ் அணிக்காக மெஜியொலாரோ என்ற பேராசிரியர் எழுதிய கையேட்டில் ஒரு பங்கீடு இருக்கிறது: ஓட்டத்துக்கு 30 சதவீதம், ஆயுதத்துக்கு 30, சட்டத்துக்கும் கவசத்துக்கும் சேர்த்து 25, மின்சாரச் சாமான்களுக்கு 15. 15 கிலோவில் 25 சதவீதம் என்றால் 3.75 கிலோ. ஒரு சதுர அடி 3 மி.மீ. தகடு ஏறக்குறைய 1.2 கிலோ. முன்பக்கச் சரிவுக்கு, அதாவது வெட்ஜுக்கு, அந்த ஒரு சதுர அடி போதும். எதிராளியின் ஸ்பின்னர், அதாவது சுழலும் ஆயுதம், நேராக வந்து விழும் இடம் அதுதான்.

மற்ற பக்கங்களுக்கு? எங்கள் பக்கத்து விசைத்தறிகளைப் பாருங்கள். நாடாவை அடித்து அனுப்பும் பிக்கர் முன்பு எருமைத் தோலில் இருந்தது, இப்போது கெட்டி பிளாஸ்டிக். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா பறக்கிறது, பிக்கர் உடைவதில்லை. கொஞ்சம் அமுங்கிக்கொடுத்து அடியை வாங்கிவிடும். அந்த இனத்து பிளாஸ்டிக் பலகை, கடையில் யுஹெச்எம்டபிள்யூ என்று கேட்டால் தருவார்கள், தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு லேசு. பக்கவாட்டுக்கு அதை 12 மி.மீ. கனத்தில் போடுங்கள். மேல்மூடிக்கு அலுமினியம். டைட்டானியத்தை வாசற்கதவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியம் என்றால் எந்த டைட்டானியம்? இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன். சென்னையில் ஒரு காயலான் கடையில், ரசாயன ஆலையிலிருந்து கழித்த தகடு என்று கிலோ கணக்கில் வாங்கி வந்தேன். காந்தம் ஒட்டவில்லை, கிரைண்டரில் வைத்தால் கண் கூசும் வெள்ளைப் பொறி. அசல் டைட்டானியம்தான், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கிரேடு 2. முதல் சுற்றிலேயே வெட்ஜ் நமுத்த அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது. கிரேடு 2 கலப்பில்லாத டைட்டானியம். துருப்பிடிக்காது என்பதால்தான் கடல்நீர் ஓடும் குழாயிலும் ரசாயனத் தொட்டியிலும் அதைப் போடுகிறார்கள். அதன் இழுவலிமைக்கு தரநிலை கேட்கும் குறைந்தபட்சம் 345 மெகாபாஸ்கல். நமக்கு வேண்டியது கிரேடு 5, ஆறு சதவீதம் அலுமினியமும் நான்கு சதவீதம் வனேடியமும் சேர்ந்தது. அதற்குக் குறைந்தபட்சம் 895. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலில் டைட்டானியம்தானா என்று சோதிக்க வழி உண்டு. நகைக்கடைத் தராசில் துண்டை ஒருமுறை வெறுமனே நிறுத்துப் பாருங்கள், பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் துண்டு தண்ணீரில் சுமார் 22.5 கிராம் குறைந்தால் டைட்டானியம். 12.5 குறைந்தால் ஸ்டெயின்லெஸ், 36 பக்கம் குறைந்தால் அலுமினியம். இதுவும் கிரேடைச் சொல்லாது. அதற்கு வனேடியத்தைப் பார்க்க வேண்டும். பெரிய உலோக வியாபாரிகளிடமும் டெஸ்டிங் லேபிலும் கையடக்க எக்ஸ்ரே துப்பாக்கி இருக்கிறது, ஒரு நிமிஷ வேலை. அதுவும் இல்லையென்றால் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி வைஸில் வைத்து அடியுங்கள். கிரேடு 2 சொன்னபடி மடங்கி நிற்கும். கிரேடு 5 திமிறிக்கொண்டு நிமிரும், பிடிவாதமாக மடக்கினால் விரிசல் விடும்.

வாங்கும் இடத்துக்கு வருகிறேன். டைட்டானியத்தின் தாதுமணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது. கேரளத்தின் சவறாவில் 2011 முதல் டைட்டானியம் ஸ்பாஞ்சு எடுக்கும் ஆலை இருக்கிறது. ஹைதராபாத்தில் மிதானி என்ற ஆலை அதை உருக்கித் தகடாக்குகிறது. அதெல்லாம் ராக்கெட்டுக்கும் விமானத்துக்கும். ஒரு சதுர அடிக்காக நீங்கள் போய் நின்றால் வாட்ச்மேனோடு பேச்சு முடிந்துவிடும். உங்களுக்கு வழி இரண்டு. ஒன்று, மும்பை கிர்காவ் பக்கத்து ஸ்டாக்கிஸ்டுகள். கேட்ட அளவுக்கு வெட்டி லாரி பார்சலில் போடுவார்கள். இரண்டு, அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் விமான, பாதுகாப்புத் துறை வேலை எடுக்கும் பட்டறைகள். அங்கே மிஞ்சும் வெட்டுத்துண்டு உங்களுக்குப் பொக்கிஷம். நம்மூரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் அம்பத்தூரில் இறங்கிவிடலாம். போனில் கேட்டால் இல்லை என்பார்கள். நேரில் போய், கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, ரோபோ சண்டை வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். சூப்பர்வைசர் தானாக எழுந்து பின்கட்டுக்குப் போவார்.

எங்கே வாங்கினாலும் மில் சர்டிஃபிகேட் நகல் கேளுங்கள். அதில் ஏஎஸ்டிஎம் பி265, கிரேடு 5 என்று இருக்க வேண்டும். தகட்டில் அச்சிட்ட ஹீட் நம்பரும் (எந்த உருக்கலில் வந்தது என்ற எண்) காகிதத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வெட்டினால் அந்த அச்சு மற்றவன் துண்டோடு போய்விடும், அதனால் வெட்டுமுன் உங்கள் துண்டிலும் பஞ்ச் அடிக்கச் சொல்லுங்கள். பில்லில் ஹெச்எஸ்என் எண் 8108 என்று தொடங்க வேண்டும். 72 என்று தொடங்கினால் உங்களுக்கு இரும்புக்கு பில் போட்டிருக்கிறார்கள்.

வெட்டுவதை வாட்டர்ஜெட்டில் கொடுங்கள். லேசர் வேகம்தான், ஆனால் சூட்டில் காற்றைக் குடித்த விளிம்பு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். துளை போட கோபால்ட் பிட், 10 மி.மீ. துளைக்கு 300 சுற்று, நிறைய கூலன்ட், விடாத அழுத்தம். பிட் சும்மா சுற்றிக்கொண்டு தேய்த்தால் அந்த இடம் கெட்டிப்பட்டு பிட் மழுங்கிவிடும். மடக்கியே ஆக வேண்டும் என்றால் உள்வளைவு ஆரம் தகட்டுக் கனத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும். மடக்காமல் இரண்டு தகட்டைச் சேர்த்து போல்ட் போடுவது என் கட்சி.

டைட்டானியத் தூளும் மெல்லிய சீவலும் தீப்பிடிக்கும், இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுக்காதீர்கள். ஹாஸ்டல் அறையில் கிரைண்டர் வேலை வேண்டாம். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கிடக்கும் தரையில் இதையும் கொட்டாதீர்கள், அந்தக் கூட்டுக் குப்பை ஒரு பொறிக்குக் காத்திருக்கும். எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது, அதிலும் டைட்டானியம் எரியும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வைத்துக்கொண்டுதான் என் பட்டறையில் இந்த வேலை நடக்கும்.

பூட்டும்போது தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர் ஒரு துண்டு வையுங்கள், பிக்கர் சொன்ன பாடம்தான். துளை மையம் விளிம்பிலிருந்து போல்ட் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உள்ளே இருக்கட்டும். வெட்டிய விளிம்பெல்லாம் அரம் போட்டு வழவழப்பாக்குங்கள், சின்ன கீறல்தான் பெரிய விரிசலுக்குப் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் போல்ட் துளையைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் தகட்டைக் கழற்றிவிடுங்கள். வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும் ஆர்கான் சூழ்ந்திருந்தால் வைக்கலாம், தையல் வெள்ளியாக மின்னும். போட்டி மைதானத்தில் அவசரமாக வைக்கும் வெல்டிங் நீலமாகவோ சாம்பலாகவோதான் வரும். அந்த நிறத்தைப் பார்த்தால் உதிரித் தகட்டை எடுத்து மாட்டுங்கள். உதிரித் தகடு இல்லையா? அப்போது வாங்கியது ஒரு சதுர அடி, வாங்கியிருக்க வேண்டியது இரண்டு.