முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

வேதபாடம்: 1 சாமுவேல் 1:9-18



போன மாதம் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஆரம்பப் பாட்டுக்கு முன்னாலேயே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பிள்ளை காணாமல்போன செய்தி. ஆளாளுக்குப் போனில் வீடியோ பார்த்திருக்கிறார்கள். "அம்மாக்காரி முகத்தைப் பாருங்க பாஸ்டர், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. பெத்தவளா இருந்தா இப்படி நிப்பாளா?" என்றார் ஒரு சகோதரி. இன்னொரு தம்பி அந்த வீட்டுக்கு எத்தனை கதவு, யார் எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று கணக்குப் போட்டு, குற்றவாளியையே பிடித்துக் கொடுத்துவிட்டார். அது எந்த ஊர் என்று கேட்டேன். ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு ஆயத்தம்பண்ணியிருந்த செய்தியை மூடி வைத்துவிட்டு அன்னாளைப் பற்றிப் பேசினேன். சிலர் அதை எழுதித் தரும்படி கேட்டதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அன்னாள் தேவாலயத்தில் மனங்கசந்து அழுது ஜெபிக்கிறாள். ஏலி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் அவர் காதில் விழவில்லை, உதடு அசைவதை மாத்திரம் பார்க்கிறார். அதை வைத்து அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லியும்விடுகிறார். ஏலி யார்? நேற்று இரட்சிக்கப்பட்டவரா? பிரதான ஆசாரியன். ஜனங்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினவர். அவருக்கே முகத்தை வாசிக்கத் தெரியவில்லை. பிள்ளைக்காக ஏங்குகிற ஒரு ஸ்திரீயின் துக்கம் அவருக்கு வெறியாகத் தெரிந்தது. ஆனால் அவரிடத்தில் ஒரு நல்ல காரியம் உண்டு. அவள் வாய்திறந்து சொன்னதும் கேட்டார். கேட்டவுடனே பேச்சை மாற்றினார், ஆசீர்வதித்து அனுப்பினார். எல்லாம் சில நிமிஷத்துக்குள் முடிந்தது.

ஆஸ்திரேலியா தேசத்தில் இதே தவறு திருத்தப்பட 32 வருஷம் ஆனது. அந்தச் சரித்திரத்தை நம் சபையார் அறியவேண்டும், ஏனென்றால் அது ஒரு ஊழியக்காரருடைய குடும்பம்.

மைக்கேல் சேம்பர்லேன் என்பவர் மவுண்ட் ஐசா என்ற ஊரில் ஏழாம் நாள் அட்வெந்து சபையின் போதகர். (அவர்களுடைய உபதேசம் வேறு, நம்முடையது வேறு. அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை.) மனைவி லிண்டி. இரண்டு ஆண்பிள்ளைகளுக்குப் பின், 1980 ஜூன் 11ஆம் தேதி ஒரு பெண்குழந்தை பிறந்தது. அசாரியா என்று பேரிட்டார்கள். அந்த ஆகஸ்டு மாதம் நடு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் இருக்கிற ஊலூரு என்ற பெரிய கற்பாறையைப் பார்க்கப் போய், அங்கே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். ஆகஸ்டு 17ஆம் தேதி இரவு, ஒன்பது வாரக் குழந்தை கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சமையல் செய்கிற இடத்தில் பெற்றோர் மற்றவர்களோடு நின்றிருந்தார்கள். குழந்தையின் சத்தம் கேட்டது. லிண்டி ஓடினார். டிங்கோ என்கிற காட்டுநாய் கூடாரத்திலிருந்து வெளியேறுவதைப் பார்த்து, என் குழந்தையை டிங்கோ கொண்டுபோய்விட்டது என்று அலறினார். அன்று இரவே சுமார் 300 பேர் தேடினார்கள். குழந்தை கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அதன் உடுப்பு மாத்திரம் கிடைத்தது. மேலே போட்டிருந்த சின்ன ஸ்வெட்டர் அதில் இல்லை.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். பக்கத்திலே இருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தாயை நம்பினார்கள். அடுத்த கூடாரத்துப் பெண், லிண்டி தங்களோடு நின்றபோதே குழந்தை அழுத சத்தத்தைக் கேட்டேன் என்று சாட்சி சொன்னார். அந்த மண்ணின் பூர்வகுடிகள் தடம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் காட்டுநாயின் தடத்தைக் கண்டு, எதையோ தூக்கிப் போயிருக்கிறது என்றார்கள். அந்தப் பூங்காவின் தலைமைக் காவலர், டிங்கோக்களால் குழந்தைகளுக்கு ஆபத்து என்று முன்னமே மேலதிகாரிகளுக்கு எழுதியிருந்தார். முதல் மரண விசாரணை அதிகாரியும் 1981 பிப்ரவரியில், டிங்கோதான் கொண்டுபோயிற்று, பெற்றோர்மேல் குற்றம் இல்லை என்று சொன்னார்.

ஆனால் தூரத்தில் இருந்தவர்களுக்குத்தான் எல்லாம் நிச்சயமாகத் தெரிந்தது! சிட்னியிலும் மெல்போர்னிலும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் லிண்டியின் முகத்தைப் பார்த்தார்கள். அழவில்லையே என்றார்கள். நல்ல உடை உடுத்தியிருக்கிறாளே என்றார்கள். குழந்தைக்கு ஒரு கறுப்புக் கவுன் இருந்தது, அது உண்மை. அது பலியிடுகிற உடுப்பு என்று ஆக்கிவிட்டார்கள். போதகர் வீட்டில் ஒரு சின்ன சவப்பெட்டி இருந்தது, அதுவும் உண்மை. புகைபிடிக்கிறவர்களைத் திருத்துகிற கூட்டங்களில் காட்டுவதற்காக வைத்திருந்தார். அதையும் குழந்தைக்கு முடிச்சுப்போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அசாரியா என்ற பெயருக்கு வனாந்தரத்தில் பலி என்று அர்த்தம் என ஒரு வதந்தி தேசமெங்கும் ஓடியது.

நம்முடைய ஞாயிறு பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லிவிடும். தானியேலின் சிநேகிதன் அசரியா, பாபிலோனில் ஆபேத்நேகோ என்று பெயர் மாற்றப்பட்டவன். அந்தப் பெயரின் அர்த்தம் கர்த்தர் உதவினார் என்பது. ஒரு வேத அகராதியைத் திறந்திருந்தால் போதும். ஒருவரும் திறக்கவில்லை. அந்த மூடக்கதையை முதல் விசாரணை அதிகாரியே மறுத்துச் சொன்னார், அப்போதும் அடங்கவில்லை. வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட போக்காடு யார் என்றால், கடைசியில் அந்தத் தாய்தான்.

வழக்கு மறுபடியும் திறக்கப்பட்டது. காரின் டாஷ்போர்டுக்குக் கீழே குழந்தையின் இரத்தம் தெறித்திருக்கிறது என்றார்கள் நிபுணர்கள். 1982 அக்டோபர் 29ஆம் தேதி டார்வின் நகரில் லிண்டிக்கு ஆயுள்தண்டனை. அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. அடுத்த மாதம் காவலிலேயே பிரசவம், பிறந்த குழந்தையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. ஒரு பிள்ளையைக் காட்டுநாய் கொண்டுபோனது. அடுத்த பிள்ளையைப் பிரித்தது எது? அந்த இரத்தம் என்று சொன்னது, கார் செய்த இடத்திலேயே சத்தம் குறைவதற்காக அடித்த பூச்சு என்று பிற்பாடு தெரியவந்தது.

1986 பிப்ரவரியில், பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியின் உடலைத் தேடியபோது, டிங்கோக்களின் குகைகள் இருக்கிற இடத்தில் அந்தச் சின்ன ஸ்வெட்டர் கிடைத்தது. லிண்டி ஆரம்பமுதல் சொல்லிவந்த அதே ஸ்வெட்டர். சில நாட்களுக்குள் அவரை விடுதலை பண்ணினார்கள். 1988இல் தண்டனை ரத்தானது. 2012 ஜூன் 12ஆம் தேதி, நான்காவது மரண விசாரணையில்தான், டிங்கோவே காரணம் என்று சட்டப்படி எழுதப்பட்டது. அந்த அதிகாரி பெற்றோருக்குத் தன் அனுதாபத்தையும் சொன்னார்.

ஜனங்கள் லிண்டிக்கு எழுதின கடிதங்கள் 20,000க்கும் மேல் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஆறுதல் சொன்னவர்களும் உண்டு, திட்டினவர்களும் உண்டு. தபால்தலை வாங்கி, உட்கார்ந்து எழுதி, பெட்டியில் போடுகிற அளவுக்கு அவர்களுக்கு ஆத்திரம் இருந்திருக்கிறது. இன்றைக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. பெருவிரல் போதும்.

2007 மே 3ஆம் தேதி போர்ச்சுகல் நாட்டில், விடுமுறைக்கு வந்த ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தின் மகள் மடலின் மெக்கேன், நாலு வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், படுக்கையிலிருந்து காணாமல்போனாள். அந்தத் தாயையும் அழவில்லை என்றுதான் சொன்னார்கள். பக்கத்தில் குடியிருந்த ஒரு மனிதர் போலீசாருக்கு மொழிபெயர்த்து உதவ ஓடிவந்தார். இவர் ஏன் இவ்வளவு ஆர்வமாக வருகிறார் என்று அவரைச் சந்தேகித்தார்கள். அழாவிட்டாலும் குற்றம், உதவினாலும் குற்றம்! 2008இல் ஒரு பத்திரிகைக் குழுமம் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, பெற்றோருக்கு 5,50,000 பவுண்டு கொடுத்தது. உதவ வந்த அந்த மனிதருக்கும் அதே வருஷம் பல பத்திரிகைகள் சேர்ந்து 6,00,000 பவுண்டு கொடுத்தன. பத்திரிகை என்றால் வழக்குப் போடலாம். வீட்டில் உட்கார்ந்து துப்புத்துலக்கின ஆயிரமாயிரம் பேர்மேல் யார் வழக்குப் போடுவது?

தூரத்து தேசத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். 2018 மே மாதம் நம்முடைய திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த 65 வயது அம்மா ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த சமயம். அடித்தே கொன்றுபோட்டார்கள்.

இனி என் காரியத்தைச் சொல்லுகிறேன். மறைத்தால் இந்தப் பாடம் எழுத எனக்குத் தகுதி இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னே, எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வீடு திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு சகோதரி போனைக் கொண்டுவந்து காட்டினார். பிள்ளையின் படம், கீழே இரண்டு வரி: சித்தப்பாவை விசாரித்தால் உண்மை வரும் என்று. யார் எழுதினது என்று நான் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்து, "ஆண்டவரே, அந்த வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிற பொல்லாங்கை வெளியரங்கமாக்கும்" என்று ஜெபித்தேன். சபை ஆமென் சொன்னது. கூட்டம் முடிந்து வாசலைத் தாண்டுவதற்குள், பாஸ்டருக்கு ஆவியானவர் வெளிப்படுத்திட்டார் என்று பேச்சாகிவிட்டது. எனக்கு ஒரு வெளிப்பாடும் இல்லை. சகோதரி காட்டின போன்தான் இருந்தது.

நாலாம் நாள் பிள்ளை கிடைத்தாள். மார்க் குறைந்ததற்கு வீட்டில் திட்டினார்களாம், பஸ் ஏறி வெளியூரில் இருக்கிற பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். ஸ்தோத்திரம் சொன்னோம். சித்தப்பாவை யாரும் நினைக்கவில்லை. அவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒரு மாதம் நம் ஜனங்கள் பஞ்சர் ஒட்டக்கூட அங்கே போகவில்லை என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

போவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. அவர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "உட்காருங்க ஐயா" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க போலீஸ் இல்லையே ஐயா, உங்களாலே எனக்கு என்ன ஆகப்போகுது. ஆனா எங்க அம்மா உங்க சபைக்கு வர்றவங்க. அன்னிக்கு உள்ளேதான் உட்கார்ந்திருந்தாங்க. அவங்களும் ஆமென் சொல்லியிருக்காங்க, யாரைச் சொல்றீங்கன்னு தெரியாம" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைக்கு முன்பாக அவர் பெயரைச் சொல்லி அறிக்கையிட்டேன். பிரசங்க பீடத்தில் செய்ததைத் திண்ணையில் உட்கார்ந்து திருத்த முடியாது.

ஆகையால், காணாமல்போன பிள்ளைக்காக ஜெபிக்க விண்ணப்பம் கொண்டுவருகிறவர்கள் இப்போது ஒரு சீட்டில் எழுதித் தருகிறீர்கள். பிள்ளையின் பெயர், வயது, என்ன உடுப்பு, கடைசியாகப் பார்த்த இடம், புகார் கொடுத்த போலீஸ் நிலையம். சிறுவர் உதவிக்கான 1098 எண்ணுக்குச் சொல்லியாயிற்றா என்பதும் அதில் உண்டு. சொல்லாவிட்டால் முதலில் போன்பண்ணிவிட்டு வாருங்கள், நாங்கள் ஜெபித்துக்கொண்டே இருப்போம். யார்மேல் சந்தேகம் என்று எழுதுவதற்கு அந்தச் சீட்டில் இடம் கிடையாது. நீங்கள் கண்ணால் கண்டது ஏதாவது இருந்தால் போலீஸ் நிலையத்துக்கு வாருங்கள், கூட நான் வருகிறேன். விண்ணப்பச் சீட்டு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் என் கையில் கிடைக்கட்டும். குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் வாசிப்பேன்.