அப்பாவின் கேமரா

கேள்வி: அப்பா வைத்திருந்த பென்டாக்ஸ் கே1000 கேமராவில் ஃபிலிம் போட்டுப் படம் எடுத்தேன். பல படங்களின் ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கீற்று விழுகிறது. கேமரா வீணாகிவிட்டதா?

பதில்: இல்லை, கவலை வேண்டாம். 1976-இல் அறிமுகமான உறுதியான கேமரா அது. ஷட்டர் ஸ்பிரிங் விசையில் ஓடுகிறது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான். பின்மூடியைத் திறந்து கீல் ஓரம் விரலால் தொட்டுப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினால், வெளிச்சத்தைத் தடுக்கும் ஸ்பாஞ்ச் பட்டை மக்கிவிட்டது. மூங்கில் குச்சி முனையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பட்டை ஒட்டுங்கள். ஷட்டரின் துணித்திரையில் மட்டும் கை படக்கூடாது. பிறகு ஒரு ரோல் போட்டுப் பாருங்கள். அப்பா கண் பதித்த இடத்தில் உங்கள் கண்ணும் பதியட்டும்.