கடலோரம் கூடாரம், வழியெல்லாம் கதை

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு காரில் போய்க் கடலோரம் கூடாரம் போட ஆசை. எந்த வழி நல்லது, ஐயா?
(வாசகர், கமுந்திங்)

பதில்: முதலில் கோலா செப்பெத்தாங் போங்கள். மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. அப்போது போர்ட் வெல்ட் என்று பேர். கரிச்சூளைகளை அவசியம் காட்டுங்கள். கவிழ்த்த சட்டி போன்ற சூளைக்குள் பக்காவ் கட்டை நாள்கணக்கில் புகையும். அந்த வாசம் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

பிறகு துரோங், பந்தாய் ரெமிஸ் வழியாக லூமுட். தெலுக் பாத்தேக் கடற்கரையில் கூடாரம். மழையை நினைத்து மேட்டில் போடுங்கள்.

திரும்புகையில் நெடுஞ்சாலை வேண்டாம். ஈப்போ, சுங்கை சிப்புட் தாண்டிக் கோலகங்சாரில் இறங்குங்கள். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய கதையை அதன் முன்னால் நின்று சொல்லுங்கள்.