கண்ணும் கண்ணாடியும்

உழைத்து உண்பவர்க்குக் கை எத்துணை இன்றியமையாததோ, கண்ணும் அத்துணை இன்றியமையாதது. இவ்வுண்மையைப் போடிநாயக்கனூரில் நேரே காணலாம். தேனிக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் உள்ளது இந்நகர். ஏலமலையில் விளையும் காய்கள் இங்கு வந்து குவிகின்றன. பெண்கள் பலர் நிறமும் பருமனும் பார்த்து அவற்றைத் தரம் பிரிக்கின்றனர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல நிலையத்தில் வணிகர் கணிப்பொறி வழியாக விலை கேட்கின்றனர்.

அவ்வணிகரின் கண் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். கையிலுள்ள மாதிரிக் காயை அண்மையிலும், திரையை ஒரு கை நீளத்திலும், ஏலம் நடத்துவோரைத் தொலைவிலும் அவர் மாறி மாறி நோக்குதல் வேண்டும். இளமையில் இஃது எளிது. கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை நொடியில் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். நாற்பது வயதளவில் அந்நெகிழ்ச்சி குறைகின்றது. அண்மையிலுள்ள எழுத்து மங்குகின்றது. இதனையே வெள்ளெழுத்து என்பர். இது நோயன்று; வயதின் இயல்பு. ஆயினும், கவனியாது விட்டால் பிழைப்புக் குன்றும். அசாமில் நாற்பது வயதைக் கடந்த தேயிலை பறிப்போருக்கு அண்மைப் பார்வைக் கண்ணாடி அளித்து ஆராய்ந்தனர். கண்ணாடி பெற்றோரின் வேலைத்திறன் பெறாதோரினும் 21.7 விழுக்காடு மிகுதியாக உயர்ந்தது என்று 2018இல் வெளியான அவ்வாய்வு கூறுகின்றது.

மேலே தொலைவுக்கும் கீழே அண்மைக்குமாக இரு வில்லைகளை ஒரே சட்டத்தில் பொருத்தும் முறை 18ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் அத்தகைய கண்ணாடியை அணிந்தவர். அதில் நடுத்தொலைவுக்கு இடமில்லை. அக்குறையை நீக்கப் பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார் மெத்தனாஸ் உருவாக்கிய ‘வாரிலக்ஸ்’ வில்லை 1959இல் வெளிவந்தது. மேலிருந்து கீழாக ஆற்றல் சிறிது சிறிதாக மிகும் இவ்வகை வில்லையைப் ‘புரோகிரசிவ்’ என்பர். இதன் மேற்பகுதி தொலைவுக்கும், நடுப்பகுதி திரைக்கும், கீழ்ப்பகுதி படிப்புக்கும் உரியன. இடையே கோடு தெரியாது. ஆனால், இருபுற ஓரங்களிலும் உருவம் சற்று மங்கும். இவ்வமைப்பை அறியாது பழைய வழக்கப்படியே பார்ப்பவர்க்குக் கண் களைப்பும் கழுத்து வலியும் உண்டாகின்றன.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள் எளியன. பக்கத்திலுள்ள பொருளைக் கடைக்கண்ணால் நோக்காது, முகத்தையே அதன்பால் திருப்புதல் வேண்டும். படிக்கும்போது தலையை மிகக் குனியாமல் விழிகளைத் தாழ்த்துதல் வேண்டும். திரை உயர்ந்திருந்தால் மோவாயை உயர்த்திப் பார்க்க நேரும். ஆதலின் அதன் மேல்விளிம்பு கண் மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருத்தல் நன்று. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பார்ப்பதும், அடிக்கடி இமைப்பதும் கண்ணுக்கு ஓய்வு தரும். புதிய கண்ணாடியை நாள்தோறும் காலை முதலே அணிந்து பழகவேண்டும். பழையதை இடையிடையே அணிந்தால் பழக்கம் எளிதில் கைகூடாது.

மலைச்சரிவில் இறங்குபவர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். படிப்புக்குரிய கீழ்ப்பகுதி வழியாகக் காலடியை நோக்கினால் தரை மங்கும், கால் தவறும். மோவாயைத் தாழ்த்தி, மேற்பகுதி வழியாகவே தரையைப் பார்த்து இறங்கவேண்டும். போடிமெட்டு மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவர், கண்ணாடி பழகும்வரை ஓட்டாதிருத்தல் நன்று.

பெரும்பாலோர்க்கு இரண்டொரு வாரங்களில் கண்ணாடி பழகிவிடும். பின்னும் தலைசுற்றல் நீங்காவிடில், சட்டம் சரிந்திருக்கலாம். அல்லது வில்லை கருவிழிக்கு நேராக அமையாதிருக்கலாம். செய்தவரிடமே காட்டித் திருத்திக்கொள்ளலாம். திடீரெனப் பார்வை மங்கினாலும், கண் சிவந்து வலித்தாலும் மருத்துவரை உடனே நாடவேண்டும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை உண்டு.

விலை மிகுந்த கண்ணாடி யாவர்க்கும் வேண்டுவதன்று. நாள் முழுதும் ஒரே தொலைவில் காய் பொறுக்குபவர்க்கு எளிய அண்மைக் கண்ணாடியே போதும். அவரவர் தொழிலை மருத்துவரிடம் எடுத்துரைத்தலே முறை.

மாணவர்களே! உங்கள் இல்லத்துப் பெரியவர் நாளிதழைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்கக் கண்டால் நகையாதீர்கள். அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் கண் தெளிந்தால் குடும்பத்தின் உழைப்பும் தெளிவுறும்.

வினாக்கள்
1. வெள்ளெழுத்து எதனால் உண்டாகின்றது?
2. ‘புரோகிரசிவ்’ வில்லையின் மூன்று பகுதிகள் யாவை?
3. சரிவில் இறங்குபவர் தரையை எவ்வாறு நோக்குதல் வேண்டும்? ஏன்?