ஊருக்குத் திட்டம் போடுவது யார்? – ஆலப்புழை தரும் பாடம்



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்தில், "கிராம சபையில என்ன கேக்கப் போறீங்க?" என்று கேட்டோம். "லைட்டு, ரோடு, தண்ணித்தொட்டி எல்லாம் எழுதிட்டோம் மேடம்" என்றார்கள். "தெருக் கோடியில தனியா இருக்கிற பாட்டிக்கு என்ன எழுதினீங்க?" என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பாட்டி எந்தக் குழுவிலும் இல்லை. அதனால் பட்டியலிலும் இல்லை. எங்கள் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை என்பது எங்களுக்கும் அன்றுதான் உறைத்தது.

கேட்பது வேறு, திட்டமிடுவது வேறு. திட்டம் என்றால் யாருக்கு முதலில், எதற்கு முதலில் என்று முடிவு செய்ய வேண்டும். இதை ஒரு நகரத்துப் பெண்கள் செய்து காட்டினார்கள்.

ஆலப்புழையில் நடந்தது

கேரளாவில் கயிறு தொழிலுக்குப் பேர்போன ஊர் ஆலப்புழை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே நகராட்சியும் யுனிசெஃப்பும் சேர்ந்து, ஏழைக் குடும்பம் எது என்று கண்டறிய ஒரு வழி வகுத்தன. "மாச வருமானம் எவ்வளவு?" என்று கேட்கவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் அதற்குச் சரியான பதில் கிடைக்காது அல்லவா? அதற்குப் பதில், கண்ணால் பார்த்தே தெரியும் 9 விஷயங்களைப் பார்த்தார்கள்:

1. நல்ல வீடு இல்லை
2. பாதுகாப்பான குடிநீர் இல்லை
3. கழிப்பறை இல்லை
4. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் உண்டு
5. சம்பாதிப்பவர் ஒருவர் மட்டுமே, அல்லது யாருமே இல்லை
6. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கே கஷ்டம்
7. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டு
8. குடி அல்லது போதைக்கு அடிமையானவர் உண்டு
9. தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிக் குடும்பம்

இதில் நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ஏழைக் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெண்கள் அக்கம்பக்கமாக 'அயல்கூட்டம்' அமைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து பொறுப்பாளர்கள்: தலைவர், செயலாளர், சுகாதாரத்துக்கு ஒருவர், வருமானத்துக்கு ஒருவர், அடிப்படை வசதிக்கு ஒருவர். அயல்கூட்டம் போட்ட சிறு திட்டங்கள் வார்டில் ஒன்றுசேர்ந்தன. வார்டுத் திட்டங்கள் சேர்ந்து நகரத் திட்டம் ஆயின. அதாவது, திட்டம் மேலேயிருந்து இறங்கவில்லை, வீட்டு வாசலிலிருந்து ஏறியது. பிறகு இந்த முறை மலப்புரம் மாவட்டத்துக்கும் போனது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீக்கு இதுவே முன்னோடி.

நமக்கும் அந்த உரிமை உண்டு

அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டமிடும் பொறுப்பை ஊராட்சிக்குத் தரலாம் என்கிறது அது. நகரங்களுக்கு 74-வது திருத்தம். குழுக்கள் தயாரிக்கும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டமும் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டியதே.

நாம் செய்ய வேண்டியது

• முதலில் தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுங்கள். குழுவில் இல்லாத வீடுகளையும் குறியுங்கள்.

• மேலே சொன்ன 9 கேள்விகளை நம் ஊருக்குத் தக்கபடி மாற்றிக் கேளுங்கள். விதவை, மாற்றுத்திறனாளி, தனித்து வாழும் முதியோரை விட்டுவிடாதீர்கள்.

• தேவைகளை மூன்றாகப் பிரியுங்கள்: நாமே செய்யக்கூடியது, ஊராட்சி செய்ய வேண்டியது, துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியது. பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுத ஊராட்சி நிதி தேவையில்லை. நம்மில் ஒருவர் கூடப்போனால் போதும்.

• பிழைப்புக்கும் திட்டம் போடுங்கள். "கறவை மாடு வேணும்" என்பதோடு நிறுத்தாமல், தீவனம் எங்கே, பாலை யார் வாங்குவார் என்றும் எழுதுங்கள்.

• கூட்டமைப்பில் தொகுத்து, கிராம சபையில் படியுங்கள். தீர்மானம் எழுதி வாசித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்!

அந்தக் குழு இப்போது பட்டியலைத் திருப்பி எழுதிவிட்டது. முதல் வரியில் பாட்டி பெயர். ரோடு மூன்றாவது வரிக்குப் போயிருக்கிறது.

குழுவில் பேசுங்கள்

1. நம் ஊரில் எந்தக் குழுவிலும் இல்லாத வீடுகள் எத்தனை?
2. போன கிராம சபையில் நாம் கொடுத்ததில் எது நிறைவேறியது, எது நிற்கிறது? ஏன்?
3. அடுத்த கிராம சபையில் நம் திட்டத்தை யார் எழுந்து படிப்பது?