மணித்தியாலம் குறைந்த விமானம்

"எஞ்சின் 300 மணித்தியாலந்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரி." பழைய செஸ்னா விற்பவர்கள் எல்லா நாட்டிலும் சொல்லும் வசனம் இது. கனடாவிலோ லண்டனிலோ பறக்கப் பழகும் எங்கள் மன்னார்ப் பிள்ளைகளும் இதைக் கேட்டுத்தான் மயங்குகிறார்கள். அந்த 300 மணித்தியாலம் எத்தனை வருடத்தில் ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு வருடத்தில் என்றால் நல்ல செய்தி. இருபது வருடத்தில் என்றால் அந்த எஞ்சின் பெரும்பாலும் சும்மா நின்றிருக்கிறது.

செஸ்னா 152இல் இருப்பது லைக்கமிங் ஓ-235 எஞ்சின். அதில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேற்பக்கத்தில் இருக்கிறது. விமானம் நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும். மேலே வெறும் உருக்கு, அதில் ஈரம் பிடிக்கும். துருப்பிடித்த கேம் மறுபடி சுழலும்போது தேய்ந்து, உலோகத்தூள் எண்ணெயில் கலக்கும். ஈரப்பதம் கூடிய இடங்களில் இரண்டே நாள் ஓடாத புதிய எஞ்சினின் சிலிண்டர் சுவரில்கூட அரிப்பு தொடங்கலாம் என்று லைக்கமிங் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. கடலால் வந்ததும் வெளி எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவும் பேசாலை மீன்பிடித் தொழிலாளிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"கிழமைக்கொருக்கால் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணிவிட்டால் போதும்" என்பது அந்த 300 மணித்தியால வசனத்தைவிட மோசம். எரிபொருள் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. தரையில் பத்து நிமிடம் ஓடும் எஞ்சினில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் அளவுக்கு எண்ணெய் சூடாவதில்லை. மாதம் ஒரு தடவையாவது, எண்ணெய்ச் சூடு 74 பாகை செல்சியஸைத் தாண்ட, ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பறக்க வேண்டும்.

வயதைப் பற்றிய பயமோ மறுபக்கம் சாய்ந்தது. "நாற்பது வருசப் பழசிலையா ஏறப்போறாய்?" என்று அம்மாமார் கேட்பார்கள். செஸ்னா நிறுவனம் 152ஐச் செய்வதை 1985இல் நிறுத்திவிட்டது. இன்று அதில் பழகும் பிள்ளைகள் பலரும் தங்களைவிட மூத்த விமானத்தில்தான் ஏறுகிறார்கள். ஒழுங்காகப் பறந்து, பரிசோதனைகள் தவறாமல், லொக் புத்தகம் முதல் பக்கத்திலிருந்து முழுமையாக இருந்தால் 1978ஆம் ஆண்டு விமானத்தில் குறையில்லை. புத்தகம் தொலைந்த விமானத்தைத்தான், அது எவ்வளவு மினுங்கினாலும், நான் தொடமாட்டேன்.

வாடகைக்கா சொந்தமா என்ற கணக்கிலும் இதே நிற்கும் சங்கதிதான் ஒளிந்திருக்கிறது. தனியார் விமானி உரிமத்துக்குக் கனடாவிலும் பிரிட்டனிலும் ஆகக் குறைந்தது 45 மணித்தியாலம் பறக்க வேண்டும். சொந்தமாக வாங்கி, வருடத்தில் 60 மணித்தியாலம் பறக்கிறீர்கள் என்று வையுங்கள். பெரிய பழுதுபார்ப்புக்கு லைக்கமிங் பரிந்துரைக்கும் எல்லை, இந்த எஞ்சினுக்கு 2,400 மணித்தியாலம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. நீங்கள் மணித்தியாலத்தில் நாற்பதில் ஒரு பங்கைத்தான் கரைத்தீர்கள், ஆனால் வருடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. நிறுத்துமிட வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை எல்லாம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்கினால் கணக்கு மாறும். அப்போது விமானமும் நிற்காது.

"உரிமம் எடுத்ததும் ஊருக்குக் கொண்டுவந்து மன்னாரிலை வைச்சிருப்பம்" என்ற கனவுக்கு வருவோம். மன்னார்த் தீவு தட்டை, கடற்கரை நீளம், எங்கும் இறங்கலாம் என்ற எண்ணம். மன்னாரில் பயணிகள் விமான நிலையம் இல்லை. நேர்கோட்டில் பலாலி சுமார் 90 கிலோமீற்றர், இரத்மலானை சுமார் 240. நினைத்த மணலில் ஏறி இறங்க 2010ஆம் ஆண்டின் சிவில் விமானச் சேவைச் சட்டம் விடாது. போர்க்காலத்தில், 2008 ஒக்டோபர் 28 இரவு, தள்ளாடி இராணுவ முகாமில் குண்டு போட்டதும் இலகு ரக விமானந்தான். சிறிய விமானச் சத்தம் இந்தக் கரையில் விளையாட்டாகக் கேட்காது.

சட்டம் விட்டாலும் சோளகக் காற்று விடவேண்டும். நடுக்குடாப் பக்கம் 30 காற்றாலைகளை நிறுவியது சும்மா இல்லை. செஸ்னா 152இன் கையேட்டில் செய்து காட்டப்பட்ட பக்கக்காற்று 12 நொட், அதாவது மணிக்கு 22 கிலோமீற்றர். சோளகக் காலத்தில் அது இங்கே சாதாரணக் காற்று. வாடைக் காலத்தில் வங்காலைச் சரணாலயத்துக்குப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும், விமானத்தில் மோதினால் ஆபத்து. கடல்மட்டத்தில் விமானம் நன்றாக ஏறும் என்பதும் பாதி உண்மை: 32 பாகை வெயிலில் அது கிட்டத்தட்ட 2,000 அடி உயரத்தில் இருப்பதுபோல மூச்சு வாங்கும்.

சின்ன விமானம் கடல் தாண்டாது என்பதை மட்டும் தாராளமாக மறுக்கலாம். 1935 நவம்பர் 27இல் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது மெட்ராஸ் பறக்கும் கழகத்தின் ஒற்றை எஞ்சின் புஸ் மொத் விமானம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி செஸ்னாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடத் தூரந்தான், ஆனால் சட்டப்படி அது வெளிநாட்டுப் பயணம்.

வாங்கத்தான் போகிறேன் என்பவர், விற்பவரின் மெக்கானிக்கை விட்டுவிட்டுத் தன் செலவில் வேறொருவரைக் கூட்டிப்போகட்டும். சிலிண்டருக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லட்டும். எண்ணெய் வடிகட்டியை வெட்டி உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்க்கட்டும். விமானம் நீண்ட காலம் நின்றது என்று புத்தகம் காட்டினால், ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைக் கண்ணால் காண வேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் பேரத்தை அங்கேயே விட்டுவிடலாம்.